வீட்டு வாசலில் ஒரு நிழல் கடிகாரம்

இருபது வருடமாகக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். விடைத்தாள், பாடத்திட்டக் கூட்டம், தரமதிப்பீட்டுக் கோப்பு என்று வாரம் ஓடிவிடும். சனி, ஞாயிறு வந்தால் கை சும்மா இருக்காது. நின்றுபோன சாவிக் கடிகாரங்களைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் விடுவது, மழைமானியில் விழுந்த தண்ணீரை அளந்து நோட்டில் எழுதுவது, இதெல்லாம் பழைய பழக்கம். இந்த முறை செய்தது கொஞ்சம் பெரிய வேலை. டிசம்பரில் ஆரம்பித்து மார்ச்சில் முடிந்தது. ஊட்டி ஃபெர்ன்ஹில் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சூரியக் கடிகாரம் வைத்திருக்கிறேன். என்ன செய்தேன், எங்கே தப்பியது, எப்படிச் சரிசெய்தேன் என்பதை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

இதற்கு வித்து நெடுநல்வாடை. ஊட்டியில் அந்தப் பாட்டை நடத்துவது சுகம். கையில் கொள்ளியோடு குளிரில் நடுங்கி நிற்கும் ஆயர்களைப் பற்றிப் படிக்கும்போது வகுப்பில் பாதிப் பேர் ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதில் அரண்மனைக்கு மனை வகுக்கும் இடம் ஒன்று வரும். இரண்டு கோல் நட்டு, சூரியன் எந்தப் பக்கமும் சாயாத அரைநாள் நேரம் பார்த்து, நூல் அறிந்தவர்கள் நுணுக்கமாகக் கயிறு பிடித்துத் திசை காண்பார்கள். 'இருகோல் குறிநிலை', 'ஒருதிறம் சாரா அரைநாள்' என்ற இரண்டு தொடருக்கும் வருடாவருடம் பொருள் சொல்லியிருக்கிறேன். கோல் நட்டுப் பார்த்ததில்லை. போன வருடம் ஒரு மாணவி, "ஐயா, அரைநாள்னா நம்ம கடிகாரத்துல பன்னிரண்டு மணியா?" என்று கேட்டாள். இல்லை என்று தெரியும். ஊட்டியில் அது எத்தனை மணி என்று அந்த இடத்திலேயே சொல்ல முடியவில்லை. அன்று சாயங்காலமே கணக்குப் போட உட்கார்ந்தேன்.

கணக்கு எளிதுதான். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. ஊட்டி 76.7 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்று வைத்தால் நம் ஊர் 23 நிமிடம் பின்னால். ஒரு நாழிகை 24 நிமிடம் என்பதால், ஏறக்குறைய ஒரு நாழிகை பின்னால் என்றே சொல்லலாம். அதோடு பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதாலும் சூரியன் வருடம் முழுக்கக் கடிகாரத்தோடு ஒத்துப்போகாது; பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் 14 நிமிடம் தாமதிக்கும், நவம்பர் முதல் வாரத்தில் 16 நிமிடம் முந்தும். இரண்டையும் சேர்த்தால் ஊட்டியின் அரைநாள் நவம்பர் தொடக்கத்தில் 12:07-க்கு வருகிறது, பிப்ரவரி நடுவில் 12:37-க்கு வருகிறது. ஒரே ஊரில், ஒரே உச்சிப் பொழுதுக்கு, அரை மணி நேர வித்தியாசம்! இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது 1906-இல், மலை ரயில் ஊட்டிக்கு வந்தது 1908-இல். ரயில் வந்து சேரும்போதே நிலையக் கடிகாரம் வேறு நேரம், தலைக்கு மேல் சூரியன் வேறு நேரம் என்று ஆகிவிட்டிருந்தது. எனக்குச் சூரியனின் நேரத்தைக் காட்டும் கல் ஒன்று வேண்டும் என்று தோன்றியது.

எந்த மாதிரிக் கடிகாரம் என்பதில்தான் முதல் யோசனை. படங்களில் நாம் பார்ப்பது தரைமட்டமாகக் கிடக்கும் வட்டத் தட்டு, நடுவில் முக்கோணத் தகடு. அது லண்டனுக்குச் சரி. நமக்குச் சரிப்படாது. அந்த வகையில் 11 மணிக் கோட்டுக்கும் 12 மணிக் கோட்டுக்கும் நடுவே லண்டனில் கிட்டத்தட்ட 12 டிகிரி இடம் கிடைக்கும், 11.4 டிகிரி அட்சத்தில் இருக்கும் ஊட்டியில் கிடைப்பது 3 டிகிரி. நடுப்பகல் கோடுகள் எல்லாம் சீப்புப் பல் மாதிரி நெருங்கி நிற்கும். காகிதத்தில் வரைந்து பார்த்துவிட்டு அதை விட்டுவிட்டேன்.

வழி கிடைத்தது முத்தோரை பாலாடாவில். அங்கே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்து 1970-இல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், மலைச்சரிவில் வடக்கு தெற்காகப் படுத்துக் கிடக்கும். ஊட்டியில், அதுவும் அந்தச் சரிவில் ஏன் வைத்தார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. சரிவின் சாய்மானமும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஒன்று, சுமார் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் உருட்டினால் போதும், வானத்தில் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். மலையே பாதி வேலையைச் செய்து கொடுத்திருக்கிறது. அந்தச் சரிவை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்று எதிர்மேட்டில் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், என் கல்லையும் இதே மாதிரி வடக்குப் பக்கம் தூக்கிச் சாய்த்து வைத்தால் போதுமே என்று பட்டது. கல்லின் முகம் பூமி அச்சுக்கு இணை, அதன் நடுவே வடக்கு தெற்காக நிற்கும் பட்டையும் அச்சுக்கு இணை. அப்போது மணிக் கோடுகள் எல்லாம் இணைகோடுகள். நடுவிலிருந்து ஒவ்வொரு கோட்டுக்கும் உள்ள தூரம், பட்டையின் உயரத்தைச் சூரியன் நகர்ந்த கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்கினால் வருவது. பத்தாம் வகுப்புக் கணக்கு.

பட்டை உயரம் 7.5 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன். உச்சியிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி 2.0 செ.மீ., இரண்டு மணிக்கு 4.3, மூன்றுக்கு 7.5, நான்குக்கு 13.0, ஐந்துக்கு 28.0. ஆக 60 செ.மீ. நீளக் கல்லில் காலை 7 முதல் மாலை 5 வரை அடங்கும். அதற்கு முன்னும் பின்னும் எங்கள் வாசலில் பிரயோஜனமும் இல்லை, கிழக்கே நிற்கும் தைல மரங்களைத் தாண்டி வெயில் விழவே எட்டு மணி ஆகிவிடும்.

கல்லுக்கு முதலில் நினைத்தது கடப்பா. வீட்டில் அலமாரிக்குப் போட்டு மீந்த பலகை ஒன்று கிடந்தது. வெயிலில் வைத்து ஒரு குச்சியை நிறுத்திப் பார்த்தேன். கறுப்பில் நிழல் கண்ணுக்கே பிடிபடவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து வெள்ளை மார்பிள் துண்டு வாங்கி வந்தேன், 60 க்கு 30 செ.மீ., 18 மி.மீ. கனம், பாலிஷ் போடாதது. பாலிஷ் போட்டது வெயிலில் கண்ணைக் கூசும், நிழலின் ஓரமும் மங்கும். பட்டைக்கு 3 மி.மீ. பித்தளை. கல்லறைக் கல் வெட்டும் பட்டறையில் நடுவே ஒரு செ.மீ. ஆழத்துக்குக் காடி போட்டுக் கொடுத்தார்கள். பட்டையை அதில் நிறுத்தி அரால்டைட் வைத்து ஒட்டினேன். ராத்திரி வெளித்திண்ணையில் விட்டுவிட்டேன், காலையில் தொட்டால் பிசின் மாதிரி விரலில் ஒட்டுகிறது. இந்தக் குளிரில் அது இறுகாது. அடுப்படியில் இரண்டு நாள் வைத்திருந்தபின் கல்லாகிவிட்டது. மலையில் இருப்பவர்கள் ஒட்டுகிற வேலை எதுவானாலும் வீட்டுக்குள்ளேயே செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது வடக்கு. காந்த ஊசியை நம்ப முடியாது. அது காட்டுவது காந்த வடக்கு, அதோடு இரும்பு கேட்டுப் பக்கம் போனாலே திரும்பிவிடுகிறது. பழைய முறை ஒன்று உண்டு: தரையில் வட்டம் போட்டு மையத்தில் சங்கு, அதாவது நேரான குச்சி ஒன்றை, நட வேண்டும். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும் பிற்பகலில் தொடும் இடத்தையும் குறித்துச் சேர்த்தால் கிழக்கு மேற்குக் கோடு. டிசம்பரில் பதினோரு நாள் முயன்றேன். காலைப் புள்ளி பதினோரு நாளும் கிடைத்தது. பிற்பகல் புள்ளி ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. ஒரு மணி ஆனால் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்துவிடும், நிழலும் போய்விடும், நானும் சாக்பீஸோடு திரும்பி வந்துவிடுவேன். அந்த முறை சமவெளிக்கு ஏற்றது.

பொங்கல் விடுமுறையில் வழியை மாற்றினேன். ஜனவரியில் ராத்திரி உறைபனி விழும், ஆனால் பகல் கண்ணாடி மாதிரி இருக்கும். அரைநாள் எத்தனை மணிக்கு என்றுதான் கணக்கு கையில் இருக்கிறதே. அந்த நிமிடத்தில் செங்குத்தான எதன் நிழலும் வடக்கு தெற்குதான். அன்றைக்கு 12:33. மாட்டுக் கொட்டகைக் குறுக்குக் கம்பத்திலிருந்து இரண்டு மீட்டர் கொத்தனார் நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, காற்றில் ஆடாமல் இருக்கக் குண்டை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, தரையில் வெள்ளைத்தாள் விரித்துக் காத்திருந்தேன். நூலின் நிழலே இல்லை! குண்டுக்குப் பக்கத்தில் ஒரு சாண் தூரம் தெரிந்தது, அப்புறம் கரைந்துபோனது. யோசித்தால் நியாயம்தான். சூரியன் புள்ளி இல்லை, அரை டிகிரி அகலமுள்ள தட்டு. ஒன்றரை மி.மீ. நூலின் முழுநிழல் 16 செ.மீ. தூரத்துக்கு மேல் நிற்காது.

மறுநாள் நூலை விட்டுவிட்டு அரை அங்குல ஜி.ஐ. குழாய் எடுத்தேன், ஒன்றரை மீட்டர். ரசமட்டத்தை நான்கு பக்கமும் வைத்துச் செங்குத்தாக நட்டேன். அதன் நிழல் வடக்கே ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக விழுந்தது, நுனியில் மங்கலாக இருந்தாலும் நடுவில் கறுப்புக் கோடு தெளிவாக நின்றது. இரண்டாவது குழாய் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, முதல் குழாயின் நிழல் இதன் மேல் முழுசாக ஏறும்படி நகர்த்திக்கொண்டே போனேன். மனைவி கைப்பேசியைப் பார்த்து விநாடி சொன்னாள். 12:33 என்றதும் குழாயை மண்ணில் குத்தினேன். இரண்டு குழாய்க்கும் நடுவே கயிறு கட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது, இரண்டு கோல் நட்டு, அரைநாளில், கயிறு பிடித்திருக்கிறேன். பாட்டின் அந்த வரிக்கு உரைகள் பலவிதமாக விளக்கம் சொல்லும். என் கை கண்டுபிடித்த விளக்கம் இது. அந்த வேலையில் 'நுண்ணிதின்' என்ற சொல் எவ்வளவு பொறுப்பான சொல் என்பதும் தெரிந்தது. ஜனவரி உச்சிப்பொழுதில் நிழலின் திசை நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட அரை டிகிரி திரும்புகிறது. கால் நிமிடம் அசந்தாலும் கயிறு கோணும். மூன்று நாள் தொடர்ந்து இதையே செய்து, மூன்று கயிறும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தபின்தான் கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து ரசமட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "சார், எல்லாரும் மட்டமா வைக்கச் சொல்லுவாங்க, நீங்க சாய்ச்சு வைக்கச் சொல்றீங்களே, தண்ணி ஓடவா?" என்றார்.

"தண்ணி ஓட இல்லண்ணே, முத்தோரையில மலைச்சரிவு எவ்வளவு சாயுதோ அவ்வளவு சாய்க்கணும்" என்று சொல்லி, நான் மரத்தில் அறுத்து வைத்திருந்த ஆப்பைக் காட்டினேன். 30 செ.மீ. சாய்வு நீளத்துக்கு 5.9 செ.மீ. எழும்பும் ஆப்பு, அதுதான் 11.4 டிகிரி. ஆப்பைக் கல்மேல் தலைகீழாக வைத்து அதன்மேல் ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்க வேண்டும். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அப்புறம் என்னைத் தொடவே விடவில்லை. கிழக்கு மேற்கில் ஒரு மட்டம், வடக்கு தெற்கில் ஆப்போடு ஒரு மட்டம் என்று மாற்றிமாற்றி வைத்து, கரண்டிப் பிடியால் தட்டித்தட்டி இறக்கினார்.

ஆனால் வேலை முடிந்தது மாலை ஐந்து மணிக்கு. அன்று ராத்திரி உறைபனி. புல்லெல்லாம் வெள்ளை, வண்டிக் கண்ணாடியில் ஐஸ். காலையில் கல்லை லேசாக அசைத்தேன், ஆடியது. கலவை இறுகும் முன்னால் அதில் இருந்த தண்ணீர் உறைந்துவிட்டது. உறையும்போது தண்ணீர் ஒன்பது சதவீதம் பெருக்கும், கலவை உதிரியாகிவிடும். கையால் அள்ளினால் பொடியாக வந்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு வெயில் ஏறியபின் மறுபடி போட்டோம். கோணிச்சாக்கு இரண்டு அடுக்கு, மேலே தார்ப்பாய், மூன்று ராத்திரி மூடிவைத்தேன். இப்போது ஆள் ஏறி நின்றாலும் அசையாது.

கோடுகளை உடனே வெட்டவில்லை, பென்சிலால் மட்டும் போட்டேன். இது ஒன்றுதான் முழு வேலையிலும் என்னைக் காப்பாற்றியது. பிப்ரவரி பதினொன்றாம் தேதி, 37 நிமிடம் கூட்ட வேண்டிய நாள். நிழலின் ஓரம் 11 மணிக் கோட்டைத் தொடும்போது கடிகாரம் 11:37 காட்ட வேண்டும், காட்டியது 11:41. சரி, வடக்கு கொஞ்சம் பிசகியிருக்கும் என்று நினைத்தேன். பிற்பகலில் 1 மணிக் கோட்டைத் தொட்டபோது 1:37 இருக்க வேண்டிய இடத்தில் 1:33. காலையில் நாலு நிமிடம் பின்னால், பிற்பகலில் நாலு நிமிடம் முன்னால். வடக்கு தவறியிருந்தால் இரண்டும் ஒரே பக்கம் தவறியிருக்கும். காலை 9 மணிக் கோட்டில் பிழை இரண்டு நிமிடம்தான். இரண்டு ராத்திரி இதை வைத்துக்கொண்டு யோசித்தேன்.

பிழை பித்தளையின் கனத்தில் இருந்தது. கோடுகளைப் பட்டையின் நடுவிலிருந்து அளந்திருந்தேன். நிழல் விழுவதோ நடுவிலிருந்து இல்லை. காலையில் பட்டையின் மேற்கு விளிம்பு நிழலை எறிகிறது, பிற்பகலில் கிழக்கு விளிம்பு. மூன்று மி.மீ. பட்டையில் பாதி, ஒன்றரை மி.மீ. இரண்டு பக்கமும் கூடுதலாக நிழல் நீள்கிறது. 11 மணிக் கோட்டின் பக்கத்தில் ஒரு நிமிடத்துக்குக் கிடைக்கும் இடம் 0.35 மி.மீ.தான், ஒன்றரை மி.மீ. என்றால் நாலு நிமிடத்துக்கு மேல். 9 மணிப் பக்கம் கோடுகள் அகன்றுவிடுவதால் அதே ஒன்றரை மி.மீ. இரண்டு நிமிடமாகத் தெரிகிறது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. பென்சில் கோடுகளை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, மேற்குப் பாதியை மேற்கு முகத்திலிருந்தும் கிழக்குப் பாதியைக் கிழக்கு முகத்திலிருந்தும் அளந்து மறுபடி போட்டேன். ஆகவே என் கல்லில் 12 மணிக்கு ஒரு கோடு இல்லை, பட்டை நிற்கும் மூன்று மி.மீ. இடமே 12 மணி.

பிப்ரவரி முடியும்வரை தினமும் பார்த்தேன். பிழை ஒரு நிமிடம், சில நாள் ஒன்றரை. அதற்கு மேல் நுணுக்கம் எதிர்பார்க்கக் கூடாது, ஏனென்றால் நிழலின் ஓரமே முக்கால் மி.மீ. அகலத்துக்குச் சாம்பல் நிறமாகக் கலங்கி நிற்கிறது. சூரியன் தன் அகலத்தைத் தாண்ட இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறது இல்லையா, அதுதான் அந்தச் சாம்பல். நான் எப்போதும் சாம்பலின் நடுவைப் பார்த்துப் படிக்கிறேன்.

மார்ச்சில் கல் வெட்டுபவர் வீட்டுக்கே வந்து கோடுகளைக் கீறினார். மேல் விளிம்பில் மணி, கீழ் விளிம்பில் நாழிகை. நாழிகைக்கு 6 டிகிரி என்பதால் அதே டேன்ஜென்ட் கணக்கு, உச்சிக்கு இரண்டு பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டு கோடுகள் அடங்குகின்றன. பஞ்சாங்கத்தில் நாழிகை சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள், இந்தக் கல்லில் உச்சியிலிருந்து எண்ண வேண்டும், அந்த வேறுபாட்டை ஓரத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன். நாழிகைக்குத் தமிழ் எண்கள் வேண்டும் என்றேன். அவர் வெட்டியதில்லையாம். ஒன்று முதல் பன்னிரண்டு வரை பெரிதாக அச்சடித்துக் கொடுத்தேன். தாளைக் கல்லில் ஒட்டி, சின்ன உளியால் ௩-இன் வளைவை இறக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "இது நல்லா ஓடுது சார், இங்கிலீஷ் மூணை விட உளிக்குச் சுலபம்" என்றார். கீறலில் கறுப்பு எனாமல் ஊற்றித் துடைத்தோம்.

இந்திய நேரத்தோடு ஒட்டி வரும்படி கோடுகளையே 23 நிமிடம் தள்ளி வெட்டியிருக்கலாம், சிலர் அப்படிச் செய்வார்கள். நான் செய்யவில்லை. பட்டையின் காலடியில் இந்த ஊரின் உச்சிப்பொழுது வர வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனையும். கூட்ட வேண்டிய நிமிடங்களைப் பத்து நாளைக்கு ஒன்றாக எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

இனி ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் ஊட்டிக்கு நேர் மேலே வரும், ஆகஸ்ட் 22, 23 வாக்கில் மறுபடி வரும். ஆகஸ்டில் மழை மூட்டம் இருக்கும், அதனால் ஏப்ரலை நம்பியிருக்கிறேன். அன்று 12:22-க்குக் குழாயின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே போய்விட வேண்டும்.

அரைநாளைப் பார்க்க அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மார்ச் எட்டாம் தேதி வெயில் நன்றாக இருந்தது, அந்த மாணவியும் இன்னும் நாலு பேரும் வந்திருந்தார்கள். 12:30-க்கு மேற்குப் பக்கம் நூல் அளவு நிழல் இருந்தது. 12:33-க்கு அது பித்தளையோடு ஒட்டிக்கொண்டது. 12:34-க்குப் பட்டையின் இரண்டு பக்கமும் மார்பிள் ஒரே வெள்ளை, எந்தப் பக்கமும் நிழல் இல்லை. யாரும் பேசவில்லை. அப்புறம் கிழக்குப் பக்கம் முடி மாதிரி ஒரு கறுப்பு விழ ஆரம்பித்தது. "ஒருதிறம் சாரா..." என்று அவள்தான் முதலில் சொன்னாள்.